மின்னஞ்சல் முகவரிப் புத்தகமும் தமிழ்ப் பெயரும்: ஓர் இடமாற்ற வரலாறு

முகவரிப் புத்தகம் என்பது ஒருவர் தமக்கு வேண்டியவர்களின் பெயர், மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தொகுத்து வைக்கும் பட்டியல் ஆகும். கணினியிலும் கைப்பேசியிலும் இப்பட்டியல் ‘தொடர்புகள்’ என்ற பெயரில் உள்ளது. ஒரு மின்னஞ்சல் நிரலை விட்டு மற்றொன்றுக்கோ, பழைய கைப்பேசியை விட்டுப் புதியதற்கோ மாறும்போது இப்பட்டியலையும் உடன் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் எண்களைவிடப் பெயர்களே அதிகம் சேதமடைந்தன. தமிழ் எழுத்தில் எழுதிய பெயரும், குடும்பப்பெயர் இல்லாத தமிழரின் பெயர்முறையும் சேதமின்றி இடம் மாறுவதற்கான பொது விதிகள் உருவாக நெடுங்காலம் ஆனது. அக்கதையை இக்கட்டுரை கூறுகிறது.

தாளில் இருந்த காலம்

கணினிக்கு முன்பு முகவரிகள் டைரியின் கடைசிப் பக்கங்களிலும், ‘டெலிபோன் இண்டெக்ஸ்’ எனப்படும் சிறு குறிப்பேட்டிலும் இருந்தன. அக்குறிப்பேட்டின் வலது ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியிலும் ஓர் ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். தமிழிலேயே எழுதுபவரும் பெயரின் முதல் ஒலிக்கு ஏற்ற ஆங்கில எழுத்தைத் தேடித்தான் பக்கத்தைத் திறக்க வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கில வரிசையில் அடுக்கும் பழக்கம் கணினியோடு வந்ததன்று, தாளிலேயே தொடங்கிவிட்டது.

அன்று இடமாற்றம் என்பது ஜனவரி மாதத்தில் பழைய டைரியைப் பார்த்துப் புதிய டைரியில் எழுதுவதே. எழுதுபவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்து, வீடு மாறியவரின் முகவரியைத் திருத்துவார். காலமானவரின் பெயரை விட்டுவிடுவார். அது மெதுவான வேலை. ஆயினும் எழுதுபவருக்குத் தெரியாமல் எந்தப் பெயரும் மாறவோ மறையவோ செய்யாது. கணினி வந்தபின் நிலை தலைகீழானது. ஆயிரம் பெயர்கள் சில நொடிகளில் இடம் மாறின. அவற்றுள் எவை சிதைந்தன என்பது பல மாதங்கள் கழித்து ஒருவரைத் தேடும்போதுதான் தெரிந்தது.

முதல் மின் முகவரிப் பட்டியல்கள்

ரே டாம்லின்சன் 1971-ஆம் ஆண்டு கணினி வலையமைப்பின் வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். நீண்ட முகவரிகளை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல், அவற்றுக்குச் சுருக்கப்பெயர் வைத்துக்கொள்ளும் வசதி 1970-களின் இறுதியில் யூனிக்ஸ் கணினிகளில் இருந்தது. ஒரு சாதாரண உரைக்கோப்பில் சுருக்கப்பெயரையும் முழு முகவரியையும் ஒரே வரியில் எழுதி வைத்தால் போதும். மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தின் தொடக்கம் இதுவே.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு அதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் முன்பு, ஜூலை 31 அன்று பேசப்பட்டிருந்தது. தொடர்புப் பட்டியலின் இரு பெரும் இருப்பிடங்களாகிய மின்னஞ்சலும் கைப்பேசியும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே நேரத்தில் நம் நாட்டு மக்களுக்கு அறிமுகமாயின.

தொடக்கத்தில் குறைந்த கட்டணக் கணக்குகளில் எழுத்துகள் மட்டுமே தெரியும் கருந்திரைதான் கிடைத்தது. அதில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘பைன்’ என்னும் நிரலில் அஞ்சல் படிக்கப்பட்டது. பைனின் முகவரிப் புத்தகம் ஓர் எளிய உரைக்கோப்பு. ஒரு வரிக்கு ஒருவர். சுருக்கப்பெயர், முழுப்பெயர், முகவரி ஆகியவற்றுக்கிடையே ஒரு தாவல் இடைவெளி. அதை யாரும் திறந்து படிக்கலாம், வேறிடத்துக்குப் படியெடுக்கலாம். பின்னர் வந்த பல நிரல்களில் இந்த எளிமை இல்லை.

நிரலுக்கொரு கோப்பு

1990-களில் சன்னல்களும் சுட்டியும் கொண்ட அஞ்சல் நிரல்கள் பெருகின. ஸ்டீவ் டார்னர் 1988-இல் உருவாக்கிய யூடோரா, நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்டின் அவுட்லுக், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. யூடோரா முகவரிகளை ‘நிக்நேம்’ கோப்பில் வைத்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ‘விண்டோஸ் அட்ரஸ் புக்’ என்ற தனிக் கோப்பில் வைத்தது. அவுட்லுக், அஞ்சல்களையும் தொடர்புகளையும் ஒரே பெரிய கோப்பில் அடைத்தது. 2004 இறுதியில் முதல் முழுப் பதிப்பைக் கண்ட தண்டர்பேர்ட், ‘மார்க்’ என்னும் சிக்கலான வடிவத்தைப் பயன்படுத்தியது. 2020-இல்தான் அதைக் கைவிட்டுப் பொதுவான தரவுத்தள வடிவத்துக்கு மாறியது.

ஒரு நிரலின் கோப்பை மற்றொன்று நேரடியாகப் படிக்க இயலாததால் இடைத்தரகர் போல ஒரு பொது வடிவம் தேவைப்பட்டது. அவ்வகையில் முதலில் பரவலானது சிஎஸ்வி. ஒரு வரிக்கு ஒருவர், விவரங்களுக்கிடையே காற்புள்ளி என்பதே இதன் அமைப்பு. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த இவ்வடிவத்துக்கு 2005-இல்தான் எழுத்து வடிவிலான பொது விளக்கம் வெளிவந்தது.

சிஎஸ்வி கோப்பின் முதல் வரியில் உள்ள தலைப்புகள் நிரலுக்கு நிரல் வேறுபடும். மின்னஞ்சல் முகவரி இருக்கும் பத்தியை அவுட்லுக் ‘ஈ-மெயில் அட்ரஸ்’ என்று குறிக்கும். தண்டர்பேர்ட் ‘பிரைமரி ஈமெயில்’ என்று குறிக்கும். எந்தப் பத்தி எதற்குப் பொருந்தும் என்பதைப் பயனரே இணைத்துக் காட்ட வேண்டும். அதில் ஒரு பத்தி தவறினால் ஊர்ப்பெயர் நிறுவனத்தின் இடத்திலும், வீட்டு எண் அலுவலக எண்ணின் இடத்திலும் போய் அமரும்.

இடையில் கோப்பை எக்செல் நிரலில் திறந்து சேமிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. எக்செல் தொலைபேசி எண்ணையும் கணக்குப் போடும் எண்ணாகவே கருதும். சென்னையின் 044 என்னும் குறியீட்டின் முன்னிருக்கும் சுழியம் உதிர்ந்து 44 ஆகிவிடும். நாட்டுக் குறியீட்டுக்கு முன்னுள்ள கூட்டல் குறி மறையும். 91 என்று தொடங்கும் 12 இலக்க எண், அறிவியல் குறியீட்டு முறையில் சுருங்கித் தெரியும். அவ்வாறே சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் திரும்ப வாரா.

மின் பெயரட்டை

ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் இணைந்த ‘வெர்சிட்’ என்னும் கூட்டமைப்பு 1990-களின் நடுவில் ‘விகார்டு’ என்ற வடிவத்தை உருவாக்கியது. கைகுலுக்கிக் கொடுக்கும் விசிட்டிங் கார்டின் மின் வடிவம் இது. இதன் 2.1 பதிப்பு 1996-இல் வெளிவந்தது. 1998 செப்டம்பரில் 3.0 பதிப்பு இணையப் பொறியியல் பணிக்குழுவின் திறந்த தரமாக வெளியிடப்பட்டது. 2011 ஆகஸ்டில் 4.0 பதிப்பு வந்தது.

சிஎஸ்வியில் ஒரு விவரம் என்ன என்பதை அதன் இடம் சொல்கிறது. விகார்டில் ஒவ்வொரு விவரமும் தன் பெயரைத் தானே சுமந்து வருகிறது. ‘இது தொலைபேசி எண், அலுவலகத்துக்கு உரியது’ என்று அந்த வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். எனவே வரிசை மாறினாலும் பொருள் மாறாது. இதனாலேயே மின்னஞ்சல் நிரல்கள் மட்டுமன்றிக் கைப்பேசிகளும் இவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டன.

தமிழ் எழுத்து பட்ட பாடு

மேற்கண்ட வடிவங்கள் உருவான காலத்தில் தமிழை எந்தக் குறியேற்றத்தில் எழுதுவது என்பதிலேயே ஒருமைப்பாடு இல்லை. ஒருங்குறியின் முதல் பதிப்பில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அன்றாடக் கணினிகள் அதைக் காட்டும் திறன் பெற்றிருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. இணையவழித் தமிழ் ஆர்வலர்கள் கூடி ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து ‘தாம்’, ‘தாப்’ ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு ஏற்றது.

இவை அனைத்தும் ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. உரிய எழுத்துரு உள்ள கணினியில் ‘மணி’ என்று தெரிவது, அது இல்லாத கணினியில் தலைமேல் புள்ளியும் கோடும் இட்ட அயல்நாட்டு எழுத்துகளாகத் தெரியும். மின்னஞ்சலின் உடலில் இச்சிக்கல் நேர்ந்தால் எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாம். முகவரிப் புத்தகத்தின் பட்டியலுக்கு அந்த வாய்ப்பு பெரும்பாலும் இல்லை. தமிழில் கடிதம் எழுதியவர்கள்கூடப் பெறுநரின் பெயரை ஆங்கில எழுத்தில் சேமித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியைக் காட்டத் தொடங்கியது. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள், பழைய குறியேற்றங்களில் இருந்தவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவர உதவின. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது ஒருங்குறியையும், அனைத்து எழுத்துருக் குறியேற்றமான ‘டேஸ் 16’-ஐயும் தமிழ்நாடு அரசு தன் தரங்களாக அறிவித்தது.

ஒருங்குறி வந்தபின்னும் இடமாற்றம் உடனே சீராகவில்லை. விண்டோஸில் மேற்கத்திய மொழிகளுக்கு இருந்த பழைய வகைக் குறிப்பக்கம் தமிழுக்கு என்றுமே ஒதுக்கப்பட்டதில்லை. ஆகவே அப்பழைய முறையில் சிஎஸ்வி கோப்பை எழுதிய நிரல்கள், தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டன. இது வெறும் காட்சிப் பிழையன்று. கோப்பில் கேள்விக்குறிதான் எழுதப்பட்டுள்ளது. மூலப் பட்டியல் அழிக்கப்பட்டிருந்தால் பெயர் போனது போனதுதான்.

விகார்டு 2.1-இல் நேர்ந்தது வேறு வகை. அதில் தமிழ்ப் பெயரை நேரடியாக எழுதாமல், சமக்குறியும் இரண்டு குறிகளும் கொண்ட தொகுதிகளாக மாற்றி எழுதினர். ‘திருநாவுக்கரசு’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் 8 எழுத்து. ஒருங்குறியில் துணைக்குறிகளையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதால் 14 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு வீதம் 42 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் மூன்று இடம் பிடிப்பதால் கோப்பில் 126 இடங்கள். ஒரு வரிக்கு 76 இடம் என்ற வரம்பு இருப்பதால் பெயர் இரண்டு வரிகளாக உடையும். உடைந்த வரியைச் சேர்த்துப் படிக்கத் தெரியாத நிரலில் பெயரின் பிற்பாதி காணாமற்போகும். ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர்களுக்கு இத்தொல்லை இல்லாததால், நிரல் எழுதியவர்கள் பலர் இதைக் கவனிக்கவே இல்லை.

3.0 பதிப்பில் எழுத்து எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்னும் செய்தி மின்னஞ்சலின் மேலுறையில் வரும். கோப்பாகச் சேமிக்கும்போது அந்த மேலுறை நீங்கிவிடும். படிக்கும் நிரல் ஊகிக்க வேண்டியதுதான். 4.0 பதிப்புதான் யுடிஎஃப்-8 அன்றி வேறெதுவும் கூடாது என்று விதித்து ஊகத்துக்கு முடிவு கட்டியது.

தலைப்பெழுத்தும் குடும்பப்பெயரும்

எழுத்துச் சிக்கலுக்கு இணையானது பெயரமைப்பின் சிக்கல். மேலை நாட்டுப் பெயரில் தன் பெயரும் குடும்பப்பெயரும் உண்டு. தமிழர் பலரின் பெயரில் தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் தன் பெயருமே உண்டு. ‘க. மலர்விழி’ என்பவரின் குடும்பப்பெயர் எது என்று கேட்டால் விடையில்லை. ஆனால் முகவரிப் புத்தகத்தின் படிவம் ‘லாஸ்ட் நேம்’ என்ற கட்டத்தை முன்னே நீட்டுகிறது. ஒருவர் அதில் ‘க’ என்று இடுவார். மற்றொருவர் தந்தையின் முழுப்பெயரை இடுவார். இன்னொருவர் வெறுமையாக விடுவார். குடும்பப்பெயரை முதலில் வைத்து வரிசைப்படுத்தும் நிரலுக்குப் பட்டியல் சென்றால், ‘க’ என்னும் தலைப்பெழுத்து உள்ள அத்தனை பேரும் ஒரே இடத்தில் குவிவார்கள். தந்தையின் முழுப்பெயரை இட்டவர்களுக்கோ, கடிதம் தந்தையை விளித்துத் தொடங்கும்.

இங்கே விகார்டின் மூன்று பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 2.1-இல் குடும்பப்பெயர், தன் பெயர் எனப் பிரித்து எழுதும் வரி கட்டாயம். முழுப்பெயரை உள்ளபடி எழுதும் வரி விருப்பத்துக்குரியது. 3.0-இல் இரண்டும் கட்டாயம். 4.0-இல் முழுப்பெயர் வரி கட்டாயம்; பிரித்து எழுதும் வரி விருப்பத்துக்குரியது. 15 ஆண்டுகளில் விதி தலைகீழாகியது. ஒருவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுவே அவர் பெயர். அதை வெட்டிக் கட்டத்தில் அடைக்க வேண்டியதில்லை என்னும் நிலைக்குத் தரம் வந்து சேர்ந்தது. இருப்பினும் படிவங்கள் பலவற்றில் பழைய கட்டங்கள் இன்றும் அப்படியே உள்ளன.

கைப்பேசியும் சிம் அட்டையும்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் முதன்முதலில் மின் முகவரிப் புத்தகத்தைக் கண்டது கணினியில் அல்ல, கைப்பேசியில். அக்கைப்பேசிகளுள் பல படப்பைக்கு அருகிலேயே உருவானவை. திருப்பெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் பெரிய கைப்பேசித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக அது விளங்கியது.

அக்காலத்துக் கைப்பேசியில் தொடர்புகளைக் கருவியின் நினைவகத்திலோ சிம் அட்டையிலோ வைக்கலாம். சிம் அட்டையில் ஒரு பதிவு என்பது பெரும்பாலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. மூன்று எண்கள் உள்ள ஒருவர் சிம்முக்குச் சென்றால் மூன்று பேராகிவிடுவார். மின்னஞ்சல் முகவரி உதிர்ந்துவிடும். பெயருக்கான இடமும் குறுகியது. 14 பைட்டு இடம் தரும் அட்டையில் ஆங்கில எழுத்தென்றால் 14 கொள்ளும். தமிழை எளிய முறையில் குறிக்கு இரண்டு பைட்டாக எழுதினால், முன்குறிக்கு ஒன்று போக 6 குறிகளே கொள்ளும். மேலே கண்ட ‘திருநாவுக்கரசு’ அதில் ‘திருநா’ ஆகிவிடுவார்.

மாறாக, கருவிக்குக் கருவி அகச்சிவப்பு வழியாகவோ புளூடூத் வழியாகவோ ‘பிசினஸ் கார்டு’ அனுப்பியவர்கள், தம்மை அறியாமலேயே விகார்டைப் பயன்படுத்தினர். அம்முறையில் பல எண்களும் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்தே சென்றன.

2011 ஜனவரி 20 அன்று கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் வந்தது. மின்னஞ்சல் முகவரிக்கு இத்தகைய வசதி இல்லை. சேவையை மாற்றினால் முகவரியும் மாறும். அம்மாற்றத்தை அனைவருக்கும் தெரிவிக்க முகவரிப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் வேலை மாறுபவர்களுக்கு இது நன்கு தெரியும். பணியின் கடைசி நாளன்று அலுவலகக் கணக்கு மூடப்படும்போது, அதில் மட்டும் வைத்திருந்த நண்பர்களின் முகவரிகளும் உடன் மூடப்படுகின்றன.

பட்டியல் யாருடையது?

1996-இல் தொடங்கிய ஹாட்மெயில், 2004-இல் தொடங்கிய ஜிமெயில் போன்ற வலையஞ்சல் சேவைகள் முகவரிப் புத்தகத்தைப் பயனரின் கணினியிலிருந்து நிறுவனத்தின் வழங்கிக்கு மாற்றின. சொந்தக் கணினி இல்லாமல் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தியவர்களுக்கு இது பெரும் நன்மை. எந்த ஊரில் அமர்ந்தாலும் பட்டியல் கிடைத்தது. ஆனால் அதை வெளியே எடுக்கும் வழி அந்நிறுவனம் திறந்துவிடும் அளவுக்கு மட்டுமே.

2000-களின் நடுவில் சமூக வலைத்தளங்கள் பல, ‘உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுங்கள், நண்பர்களை நாங்களே கண்டுபிடிக்கிறோம்’ என்று கேட்டன. வீட்டுச் சாவியை அயலாரிடம் கொடுப்பது போன்ற இப்பழக்கத்துக்கு மாற்றாக, கடவுச்சொல்லைச் சொல்லாமலே அனுமதி வழங்கும் ‘ஓஆத்’ என்னும் முறை 2007-இல் வகுக்கப்பட்டது. 2010 நவம்பரில், தொடர்புகளைத் திருப்பித் தராத தளங்களுக்குத் தானும் தானியங்கி முறையில் தர இயலாது என்று கூகுள் அறிவித்தது. ஃபேஸ்புக்குடன் எழுந்த இப்பூசல், பட்டியலின் வணிக மதிப்பை உலகுக்குக் காட்டியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள், தம் தரவைப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் உரிமையைச் சட்டமாக்கின. இந்தியாவில் 2019-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவில் இவ்வுரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் இல்லை.

இதில் மறுபக்கமும் உண்டு. என் முகவரிப் புத்தகத்தில் இருப்பவை பிறருடைய எண்கள். 2000 மே மாதம் பரவிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. ஒருவர் திறந்த அஞ்சலுக்கு அவரை அறிந்தவர்கள் எல்லோரும் துன்பப்பட்டனர். பட்டியலைக் கொண்டு செல்லும் உரிமையோடு அதைக் காக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

இன்றைய நிலை

இன்று ஒரே கணக்கில் நுழைந்தால் தொடர்புகள் தாமாகவே ஒத்திசைகின்றன. 2011-இல் விகார்டு 4.0-உடன் வெளியான ‘கார்ட்டேவ்’ என்னும் தரம் இதற்குப் பொது வழி வகுத்தது. ஆயினும் ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. ஓரிடத்தில் தவறி அழித்தது எல்லா இடத்திலும் அழியும். எனவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் பட்டியலை விகார்டு கோப்பாக ஏற்றுமதி செய்து தனியே வைப்பது நல்லது. எண்களைக் கூட்டல் குறியுடன் 91 சேர்த்துச் சேமித்தால் எங்கும் குழப்பம் வாராது. சிஎஸ்வியைப் பயன்படுத்த நேர்ந்தால் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்து, இடையில் எக்செல்லில் திறந்து சேமிக்காமல் இருக்க வேண்டும். புதிய இடத்தில் இறக்கியபின் நீண்ட தமிழ்ப் பெயர் ஒன்றையும், தலைப்பெழுத்துள்ள பெயர் ஒன்றையும், பல எண்கள் உள்ள ஒருவரையும் தேடிப் பார்க்க வேண்டும். அம்மூவரும் முழுமையாக வந்து சேர்ந்திருந்தால் மற்றவர்களும் வந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதுவரை பழைய பட்டியலை அழிக்கலாகாது.